சீற் திருப்பிய சைக்கிள்

பின்பக்கம் திரும்பிய சீற்றோடு அது நிற்கிறது, மழையில் நனைந்து, வரிசையில் மற்றச் சைக்கிள்களின் சீற்றெல்லாம் ஒழுங்காக முன்னே பார்த்துக்கொண்டிருக்க அது மட்டும் மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு, அக்கா அதன் அருகில் நிற்கிறாள், சுடிதாருக்கு மேல் என்னுடைய பழைய குளிரங்கி, தலையைச் சுற்றிச் சால்வை, கையை நீட்டிச் சீற்றைத் தொடுகிறாள், அதில் தேங்கிய தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிடுகிறாள், வாங்கோ அக்கா, நனையிறியள் என்று நான் கூப்பிடுகிறேன், அவளுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் அவள் திரும்பவில்லை, இது பாரிசில் நடந்ததா, நீர்வேலியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நடந்ததா என்று இப்போதெல்லாம் எனக்குக் குழம்பிவிடுகிறது, இரண்டு இடத்திலும் மழை, இரண்டு இடத்திலும் சீற் பின்பக்கம், இரண்டு இடத்திலும் அக்கா என் சொல் கேட்கவில்லை.

ஊர் பார்க்க வருகிறேன் என்று சொல்லித்தான் அவளுக்கு விசா எடுத்தோம், ஆகவே ஊரைக் காட்டுவது என் கடமை, ஆனால் நான் அவளைக் கூப்பிட்டது ஊர் காட்ட அல்ல, அதை எனக்கு நானே ஒளிப்பதில் அர்த்தமில்லை, அத்தான் போர் முடிந்தபோது காணாமல் போனவர், வருடக்கணக்காக அவள் தெருவோரத்துத் தகரப் பந்தலில், காணாமல் போன தங்கள் ஆட்களைக் கேட்டுப் போராடும் மற்றப் பெண்களோடு அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வெயிலில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி தொலைபேசியில் வந்தபோது நான் உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், போதும் என்று அன்றைக்கு நினைத்தேன், எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது அவளும் நானும்தான், நானோ தனிக்கட்டை, கூப்பிட்டு வைத்து, நல்லது நாலைக் காட்டி, சாப்பாடு கொடுத்து, மெல்லச் சொல்லிப் பார்ப்போம், அவர் இல்லை அக்கா, கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியையைச் செய்வோம், அந்தப் பந்தலை விடுங்கோ என்று, இதுதான் என் திட்டம், அவள் வந்து இறங்கியபோது நெற்றியில் குங்குமம் அவ்வளவு பெரிதாக இருந்தது, அதைப் பார்த்ததும் என் திட்டத்தில் பாதி விமான நிலையத்திலேயே விழுந்துவிட்டது.

முதலில் சுரங்க ரயிலுக்குத்தான் கூட்டிப்போனேன், படிகளில் பாதி இறங்கியவள் நின்றுவிட்டாள், உது பங்கருக்குள்ளை இறங்கிற மாதிரியெல்லே கிடக்கு என்றாள், இல்லை அக்கா, பயப்படாதையுங்கோ, எல்லாச் சனமும் போகுது பாருங்கோ என்று நான் கையைப் பிடிக்கிறேன், அப்போது கீழே ரயில் வருகிறது, நிலம் அதிர்கிறது, அக்கா அப்படியே படியில் குந்திக் காதிரண்டையும் பொத்தி வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறாள், செல் குண்டு வரும்போது வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும், மூடினால் காது வெடித்துவிடும் என்று அங்கே குழந்தைகளுக்கும் தெரியும், பாரிஸ்காரர் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள், ஒருத்தி மட்டும் நின்று தண்ணீர் போத்தலை நீட்டினாள். சரி, பஸ்ஸிலே போவோம் என்றேன், பஸ் வேண்டாம் என்றாள், ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும், கொழும்புக்கே அவள் ரயிலில்தான் வந்தாள், அந்த நாளுக்குப் பிறகு எந்த பஸ்ஸிலும் அவள் கால் வைத்ததில்லை.

அப்போதுதான் இந்த நகரத்துச் சைக்கிள் நினைவுக்கு வந்தது, தெருவுக்குத் தெரு தரிப்பிடம், ஒன்றில் எடுத்து இன்னொன்றில் விடலாம், பச்சையில் சாதாரணம், நீலத்தில் மின்சாரம், ஒரே சைக்கிளை நாள்முழுக்க வைத்திருக்க முடியாது, கொஞ்சத் தூரம் ஓடி ஒரு தரிப்பிடத்தில் பூட்டிவிட்டு வேறொன்றை எடுக்கவேண்டும், அதுதான் இங்கே முறை, அக்கா பச்சையைப் பிடித்தாள், இது என்னடா எருமை மாதிரிப் பாரம் என்றாள், ஏறினாள், அவ்வளவுதான், ஊர்ப் பெண்களெல்லாம் சைக்கிளிலேயே பிறந்தவர்கள், அறுபதைத் தாண்டிய கால் முதல் மிதியிலேயே இருபதாகிவிட்டது, முன்னால் அவள், பின்னால் நான், கூச்சத்தை விட்டுச் சொல்வதென்றால் எனக்கு அழுகை வந்தது, மரங்களுக்குக் கீழே அவள் சால்வை பறக்க ஓடிக்கொண்டிருந்தபோது, இடப்பக்கம் போகாதையுங்கோ அக்கா, இஞ்ச வலப்பக்கம் என்று நான் கத்த, உனக்கு நான்தான்டா சைக்கிள் பழக்கினனான், வாயை மூடிக்கொண்டு வா என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்ல.

இரும்புக் கோபுரத்தைக் காட்டினேன், உவ்வளவும் இரும்போ, துருப்பிடிக்காதோ என்றாள், எரிந்த பெரிய தேவாலயத்தைக் காட்டினேன், உந்தக் கோயிலும் எரிஞ்சதோ என்றாள், எரிஞ்சது, திருப்பிக் கட்டிப்போட்டினம் என்றேன், உவைக்குக் கட்டிக் குடுக்க ஆக்கள் இருக்கினம் என்றாள், அப்படியே ஆற்றோரமாக ஓடி ஒரு தரிப்பிடத்துக்கு வந்தோம், அங்கேதான் முதல் சீற். அவள் தன் சைக்கிளைப் பூட்டில் செருகினாள், விளக்கு எரிந்தது, நிமிர்ந்தாள், பக்கத்துச் சைக்கிளின் சீற் பின்பக்கம் திரும்பியிருந்தது, அவள் கை காற்றில் அப்படியே நின்றது, அதற்குப் பிறகு அவள் கோபுரமும் பார்க்கவில்லை, கோயிலும் பார்க்கவில்லை, நான் கையைக் காட்டிய பக்கமெல்லாம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தரிப்பிடம் எங்கை தம்பி என்று கேட்டாள், அங்கே போனதும் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள், அங்கேயும் ஒன்று, அதற்கடுத்ததிலும் ஒன்று, அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மனுசிக்குச் சைக்கிள் ஓட்டம் பிடித்துவிட்டது, பந்தலை மறக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு பின்னால் மிதித்தேன்.

எப்படி மறந்தேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை, இத்தனை வருடமாக இந்த நகரத்தில் நடக்கிறேன், திருப்பிவிட்ட சீற்றுகளை நாளாந்தம் காண்கிறேன், ஒருமுறைகூட எனக்கு அத்தான் நினைவு வரவில்லை, நவரத்தினராசா அத்தான், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், மண்ணெண்ணெயும் சீனியும் அளந்து கொடுப்பவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர், அவருடைய சைக்கிள் சீற்றின் நட்டை மட்டும் அவர் இறுக்கவே மாட்டார், ஓடும்போது சீற் இடமும் வலமும் ஆடும், மனேஜர் டான்ஸ் ஆடிக்கொண்டு போறார் என்று கள்ளுக்கொட்டிலடியில் நின்று கேலி பண்ணுவார்கள், அவர் சிரித்துக்கொண்டே ஆடிக்கொண்டே போவார், அந்த நட்டு ஏன் தளர்வாக இருக்கிறதென்று அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இராணுவச் சுற்றிவளைப்பு வருகிறதென்ற செய்தி கடைக்குத்தான் முதலில் வரும், உடனே அவர் மிதித்துக்கொண்டு வந்து எங்கள் ஒழுங்கை முகப்பு வேலியில் சைக்கிளைச் சாத்தி, கையாலேயே சீற்றைப் பின்பக்கம் திருப்பிவிட்டு, வாழைத்தோட்டத்துக்குள்ளால் இறங்கிப் போய்விடுவார், வந்தவர்களுக்கு அது வேலியில் சாத்திய ஒரு பழைய சைக்கிள், அக்காவுக்கு அது கடிதம், நான் உயிரோடு இருக்கிறேன், இந்தப் பக்கம் வராதே, தம்பியை வெளியில் விடாதே. நான் அப்போது மீசை அரும்பிய பெடியன், பிடித்துக்கொண்டுபோக ஏற்ற வயது, அந்தச் சீற்தான் என்னைக் காப்பாற்றிப் பாரிசுக்கு அனுப்பியது, இங்கே வந்து நான் வெங்காயம் அரிந்தேன், மறந்துவிட்டேன்.

அவளே சொன்னாள், ஆற்றோரத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டு, தூறல் விட்டிருந்த ஒரு பின்னேரம், தம்பி, நான் ஒண்டு சொன்னா விசரெண்டு நினைக்கக்கூடாது, சொல்லுங்கோ, உன்ரை அத்தான் இஞ்சதான் இருக்கிறார். நான் அவளைப் பார்த்தேன், ஆற்றில் படகொன்று போகிறது, படகிலிருந்த உல்லாசப் பயணிகள் எங்களுக்குக் கை காட்டுகிறார்கள், அக்காவும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுச் சொல்கிறாள், சீற்றுகளைக் கண்டனிதானே, வேறை ஆருக்கடா உது தெரியும், அவர்தான் திருப்பிப்போட்டுப் போறார், நான் வந்திருக்கிறது எப்பிடியோ தெரிஞ்சிருக்கு, அக்கா என்று நான் குறுக்கிட்டேன், பொறு, நான் சொல்லி முடிக்கிறன், உயிரோடை இருக்கிறன், வராதை எண்டுதானே அதுக்கு அர்த்தம், ஏன் வராதையெண்டிறார், எனக்கும் யோசிக்கத் தெரியும், ஆரையேன் கட்டியிருப்பார், பிள்ளையளும் இருக்கும், இருக்கட்டும், நான் போய்ச் சண்டை பிடிக்கப்போறேல்லை, அவளை ஒருக்காப் பாக்கவேணுமெண்டும் இல்லை, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு எங்கையெண்டாலும் இருக்கட்டும், குளிருக்கு நல்ல சட்டை போடுறாரோ தெரியாது, அவருக்குச் சளி பிடிச்சா லேசிலை விடாது.

எனக்கு ஆத்திரம் வந்தது, யாரில் என்று தெரியாத ஆத்திரம், இல்லாத ஒரு பெண்ணை அவருக்குக் கட்டிவைத்து, இல்லாத பிள்ளைகளைப் பெற்றுக்கொடுத்து, அந்தத் துரோகத்தையும் மன்னித்து, இவ்வளவையும் இவள் தனியாக இருந்து செய்து முடித்துவிட்டாள், அவர் மூச்சுவிடுகிறார் என்பதற்காக, பழுதான சைக்கிள் அக்கா, பழுதானதை இங்கே அப்படித் திருப்பிவிடுவார்கள், அவ்வளவுதான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டிருக்கலாம், வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, அவள் முகத்தைப் பார்த்தேன், நிறைந்திருந்தது, கலியாண வீட்டில் அவளை அப்படிப் பார்த்த ஞாபகம், விழுங்கிவிட்டேன், நாளைக்கு எந்தப் பக்கம் போவம் என்று மட்டும் கேட்டேன்.

பிறகு நாங்கள் ஊர் பார்த்தோம், அதாவது தரிப்பிடம் பார்த்தோம், குன்றின்மேல் வெள்ளைக் கோயிலடி, அருங்காட்சியகத்தடி, பூங்காவடி, எல்லோரும் மேலே பார்த்துப் படம் எடுக்க நாங்கள் கீழே சீற்றுகளைப் பார்த்துக்கொண்டு, அக்கா ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள், சிலவேளை சிரிப்பாள், நான் அவளுக்குப் பின்னால் மிதிக்கும்போது பாரிஸ் தெருவில் வாழைத்தோட்டத்து ஈரமண் மணந்தது, முன்னால் போவது அவளா, சீற் ஆட ஆடப் போகும் அத்தானா என்று தெரியாமல் போனது, கொஞ்சம் நில்லுங்கோ என்று கத்துகிறேன், யாரும் நிற்கவில்லை, பாலம் ஒன்றைக் கடக்கிறோம், பாலம் என்றால் எனக்கு அவள் சொன்ன அந்த மற்றப் பாலம்தான் வருகிறது, நீரேரிக்கு மேலே, ஊரை விட்டு இடம்பெயர்ந்து திரிந்த போரின் கடைசி நாள், சனம் சனமாகக் கடந்து வந்தபோது ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம், இயக்கத்திலை ஒருநாள் இருந்தவரெண்டாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் என்று, அத்தான் நிவாரண அரிசி பங்கிட்டதைத் தவிர ஒன்றும் செய்யாதவர், ஆனால் அந்தப் பங்கீட்டுக்கு இயக்கத்தின் அட்டை ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்தார், ஒளிச்சா நாளைக்குக் கரைச்சல், சொல்லிப்போட்டு வாறன் என்று போனாராம், வரிசையில் நின்றாராம், பஸ்ஸில் ஏற்றினார்களாம், யன்னலுக்குள்ளால் கையைக் காட்டி, நீ முகாமுக்குப் போ, பின்னாலை வாறன் என்றாராம், பஸ் வளைவில் திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாளாம், அந்த பஸ் எங்கே போனதென்று சொல்வதற்குத்தான் இன்றுவரை ஒரு வாயும் திறக்கவில்லை.

ஒருநாள் பூங்காவடித் தரிப்பிடத்தில் ஒரு பெண் பிள்ளை வந்து நின்றாள், முதுகில் பை, வியர்த்த முகம், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பூட்டில் செருகினாள், ஏதோ திட்டினாள், பிறகு சீற்றுக்குக் கீழே இருக்கும் பிடியை இழுத்துத் தளர்த்தி, எங்கள் கண் முன்னாலேயே சீற்றைப் பின்பக்கம் திருப்பினாள். அக்கா என் கையைப் பிடித்த பிடி வலித்தது, கேள் என்றாள், என்னத்தை, ஆர் சொல்லித் திருப்பினவள் எண்டு கேள், கேளடா. நான் கேட்டேன், பிரெஞ்சில், குரல் எனக்கே கேட்காமல், ஏன் திருப்பினீர்கள் என்று, சங்கிலி அறுந்துவிட்டது, அடுத்தவர் எடுத்து ஏமாறாமல் இருக்க, எல்லோரும் இப்படித்தான் செய்வோம் என்று சொல்லி எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள், அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கும் அந்த மொழிக்கும் நடுவில் நான் ஒருவன்தான் நிற்கிறேன், என்ன வேண்டுமென்றாலும் சொல்லலாம், ஒரு பெரியவர் திருப்பச் சொன்னாராம் என்று சொன்னால் அவள் சாகும்வரை அதை வைத்துக்கொண்டு இருப்பாள், சாகும்வரை, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து உலுப்பியது, பழுதாம் அக்கா என்றேன், ஆரும் எடுத்து ஏமாறக்கூடாதெண்டு திருப்பிவிடுவினமாம், எல்லாமோ, எல்லாம், நாங்கள் கண்டதெல்லாமோ, ஓம் அக்கா.

அவள் அழவில்லை, அழுதால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சங்கிலி தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், பழுதானதை என்ன செய்வினம், லொறி வரும், ஏத்திக்கொண்டு போவினம், எங்கை, தெரியாது, ஊருக்கு வெளியிலை எங்கையோ, கொண்டுபோய் என்ன செய்வினம், பாத்துத் திருத்திப்போட்டு விடுவினம், எல்லாத்தையும் விடுவினமோ. பூங்காவுக்குள் குழந்தைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது, சரி, வா, வீட்டை போவம் என்றாள். அன்றைக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள், நீ ஆசைப்பட்டபடி செய்வம், போனவுடனை ஐயரிட்டைக் கேக்கிறன், கீரிமலையிலை, நான் அதற்காகத்தான் அவளைக் கடல் கடந்து கூப்பிட்டிருந்தேன், கிடைத்தபோது வேண்டாம் என்றிருந்தது, அதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன், அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.

போவதற்கு முதல்நாள் அவளே கேட்டாள், ஒருக்கா ஓடிப்போட்டு வருவம் என்று, மழை தூறிக்கொண்டிருந்தது, முன்கூடையின் இடது மூலை நெளிந்த ஒரு பச்சைச் சைக்கிள் அவளுக்குக் கிடைத்தது, ஆற்றின் இரண்டு கரையும் ஓடினோம், இந்த முறை அவள் கோபுரத்தைப் பார்த்தாள், நின்று நன்றாகவே பார்த்தாள், என்னைக் கொண்டு படமும் எடுப்பித்தாள், என் வீட்டுக்குக் கீழே உள்ள தரிப்பிடத்தில் வந்து பூட்டினோம், நான் கைபேசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், அவள் குனிந்து பிடியை இழுத்துச் சீற்றைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், பழுதோ அக்கா, இல்லை, நல்ல சைக்கிள், பஞ்சு மாதிரி ஓடினது, பிறகேன். புறங்கையால் சீற்றின் ஈரத்தை வழித்துவிட்டுச் சொன்னாள், அவருக்கு, நான் இருக்கிறன், நீங்கள் வராதையுங்கோ எண்டு, இவ்வளவு காலமும் வாங்கோ வாங்கோ எண்டு படத்தை வைச்சுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தனான், வரேலாத மனுசனை அப்பிடிக் கூப்பிட்டா அதுக்கு எவ்வளவு வேதனையாயிருக்கும், நான் அதை யோசிக்கேல்லைப் பார்.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தபோது காலை வெளிச்சம் சரியாக வந்திருந்தது, தரிப்பிடத்தில் லொறி நிற்கிறது, நீலக் கையுறை போட்ட ஒரு தடித்த மனிதர் சீற் திருப்பியதாகப் பார்த்து இழுத்து ஏற்றுகிறார், சங்கிலி அறுந்தது, சில்லு நெளிந்தது, அவற்றோடு கூடை நெளிந்த அந்தப் பச்சை, நான் ஓடிப்போனேன், அது நல்ல சைக்கிள், பழுதில்லை என்றேன், அவர் சீற்றைக் காட்டினார், திருப்பியிருக்கிறதே, அது என் அக்கா திருப்பினது, வேறு காரணம், ஒருதரம் ஏறி ஓடிப் பாருங்கள், அவர் சிரித்தார், கெட்ட மனிதராகத் தெரியவில்லை, எனக்கு இங்கே பார்க்க நேரமில்லை ஐயா, அங்கே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்றால் விட்டுவிடுவார்கள் என்றார். எங்கே என்று கேட்டேன், கையை நகரத்துக்கு வெளியே எங்கோ வீசிக் காட்டினார், கதவை அடித்துச் சாத்தினார், லொறி வளைவில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீரிமலையில் எல்லாம் முடிந்ததென்று அக்கா தொலைபேசியில் சொன்னாள், இப்போது பந்தலுக்குப் போவதில்லையாம், வீட்டில் பத்து வாழைக்குட்டி வைத்திருக்கிறாளாம், நல்லது அக்கா என்றேன், நான் இப்போது வேலைக்குச் சுரங்க ரயிலில் போவதில்லை, நடக்கிறேன், தரிப்பிடம் தரிப்பிடமாக, இடது மூலை நெளிந்த கூடையைத் தேடிக்கொண்டு, விட்டிருப்பார்கள், நல்ல சைக்கிள்தானே, விட்டிருக்கத்தான் வேண்டும், மழை பெய்கிறது, வரிசையில் ஒன்று பின்பக்கம் திரும்பிய சீற்றோடு நிற்கிறது, பச்சைதான், கூடை நெளியவில்லை, இருந்தாலும் நான் கையை நீட்டி அதில் தேங்கிய தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிடுகிறேன், அது பழுது, வேறொன்றை எடுங்கள் என்று பின்னாலிருந்து யாரோ சொல்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நான் திரும்பவில்லை.